ஸ்டாண்டர்ட் செடிக்குத் தமிழ்: குடைச்செடி

தோட்டக்கலைத் தமிழாக்கங்களில் ஆங்கில ‘ஸ்டாண்டர்ட் ரோஸ்’, ‘தரநிலை ரோஜா’வாக ஓயாமல் தலைகாட்டுகிறது. படிப்பவர் ஏதோ உயர்ரகப் பூ என்றுதான் நினைப்பார். ஆங்கிலத் தோட்டக்காரர் ‘ஸ்டாண்டர்ட்’ என்பதற்கும் தரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அடியிலேயே கிளைத்துப் புதராகும் பூச்செடியை ஒரே தண்டில் நிமிர்த்தி, உச்சியில் மட்டும் தழையவிட்டு மரம்போல் ஆக்கினால் அதுதான் ஸ்டாண்டர்ட்.

பழைய பிரெஞ்சில் இச்சொல் போர்க்கொடிக்குப் பெயர். ஆங்கிலத்தில் அளவு, தரம் என்று ஒரு பக்கமும், தாங்கலின்றி நிமிர்ந்து நிற்கும் மரம் என்று இன்னொரு பக்கமும் பொருள் கிளைத்தது. பட்டாணிப் பூவின் பெரிய இதழையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். தமிழ்ப் பாடநூல்கள் அதைக் ‘கொடி அல்லி’ என்றன; அல்லி என்றால் பூவிதழ். ‘தர அல்லி’ என்று யாரும் எழுதவில்லை. பொருளறிந்து ஆக்கிய சொல் அது.

‘தரநிலை’யின் கேடு அதோடு நிற்பதில்லை. தண்டு குட்டையாக உள்ளது ஆங்கிலத்தில் ‘ஹாஃப் ஸ்டாண்டர்ட்’. ‘தரநிலை’ என்று தமிழாக்குவோர் கணக்கில் அது ‘அரைத்தர ரோஜா’! நல்ல செடியை மட்டம் என்று சொல்லி விற்பதா? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, செடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் மொழிபெயர்ப்பதன் விளைவு இது.

‘குறுமரம்’ என்பாரும் உண்டு. தரநிலைக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஏற்க மாட்டேன். இயல்பாகவே சிறிதாக வளரும் மரத்துக்கும், தொட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய்க்கும் அது பொருந்திவிடும். இங்கே வடிவம் மனிதக் கை செய்தது. செம்பருத்தியில் நேரான ஒரு தண்டைத் தேர்ந்து கோலில் கட்டுகிறோம். பக்கத்துளிர்களைக் கிள்ளுகிறோம், தண்டிலுள்ள இலைகளைத் தொடுவதில்லை, அவைதான் தண்டைப் பருக்க வைக்கும். வேண்டிய உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, கிளைத்து வருவதை மறுபடி மறுபடி கிள்ளினால் தலை அடர்ந்து உருண்டையாகிறது. பிறகே கீழிலைகளை நீக்குவது. ரோஜாவில் வழி வேறு: வேர் தந்து தாங்கும் வேர்ச்செடியின் உயர்ந்த தண்டு உச்சியில், வேண்டிய ரோஜாவின் துளிர்மொட்டை ஒட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் உடனே களைய வேண்டும்.

இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது காம்பும் விரிந்த தலையும்தான். விரிதலை மரத்துக்குக் ‘குடைவேலம்’ என்று பெயர் வைத்த மொழிக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. செடி குடைச்செடி, தண்டு குட்டையானால் குட்டைக் குடைச்செடி, கிளைகள் கீழ்நோக்கி வழிந்தால் தொங்குகுடை. வெட்டி உருவாக்கும் வேலை குடைக்கவாத்து. கவாத்தைத் தூய தமிழ் இல்லை என்று சிலர் தள்ளக்கூடும். கத்தரி பிடிப்பவர் வாயில் புழங்கும் சொல் அது. அதை நான் விடுவதாக இல்லை.