சாலுமா? ‘எவிடென்ஸ்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ஆச்சி போன மாதம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். சர்க்கரைக்கு என்று யாரோ விற்ற பொடி டப்பாவோடு வந்த துண்டறிக்கை அது. வழவழப்பான தாளில், பச்சை எழுத்தில், ‘ஆதாரப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தார்கள். “தம்பி, ஆதாரம் இருக்குன்னு போட்டிருக்காக. மாத்திரையை நிறுத்திட்டு இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். யார் ஆராய்ந்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? ஒரு வரி இல்லை. ‘ஆதாரம்’ என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. மாத்திரையை நிறுத்தவே கூடாது, டாக்டரைக் கேட்காமல் பொடியைத் தொடவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தச் சொல் மனசை விட்டுப் போகவில்லை. ஆச்சி ஏமாறப் பார்த்ததில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஒரு சிகிச்சை பலன் தருமா, தீங்கு செய்யுமா என்பது பற்றி ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் செய்தியைத்தான் மருத்துவத்தில் ‘எவிடென்ஸ்’ என்கிறார்கள். சொல்லின் வேர் இலத்தீன். ‘எ’ என்றால் வெளியே, ‘விதேரே’ என்றால் பார்த்தல். ‘எவிதென்தியா’ என்றால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது. கிரேக்கத்தில் ‘எனார்கேயா’ என்று இருந்த சொல்லுக்கு ஈடாக ரோமாபுரியின் சிசரோ இதைக் கையாண்டார். நாம் சொல்லும் ‘சாட்சி’யும் கண்ணில் பிறந்ததுதான். வடமொழியில் ‘அக்ஷி’ என்றால் கண். கண்ணோடு நின்றவர் சாட்சி.

ஆனால் மருத்துவத்தில் கண் நிறையவே ஏமாற்றும். காய்ச்சல் தானாகவே இறங்கும் நாளில் கஷாயம் குடித்தவர், கஷாயம்தான் இறக்கியது என்பார். பொடி சாப்பிடத் தொடங்கியவர் அதே வாரம் இனிப்பையும் விட்டிருப்பார். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடும் இல்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால், அதைச் சீராக்கும் மாத்திரைகள் உயிரைக் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். இ.சி.ஜி.யில் துடிப்பு சீரானது கண்ணுக்கே தெரிந்தது. அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது கதை தலைகீழானது. அவற்றில் இரண்டு மாத்திரைகளைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-இல் அந்த இரண்டையும் கொடுப்பதை அவசரமாக நிறுத்தினார்கள். ‘தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் ‘ஆதாரம்’ என்கிறார்கள். வடமொழியில் தாங்கிப் பிடிப்பது என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் பேச்சில் அது ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளோடு நின்றுவிடுகிறது. ஆதார் அட்டையும் இதே சொல்தான். கையில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, அரைகுறையாக இருக்காது. மருந்து ஆராய்ச்சியில் கிடைக்கும் செய்தி அப்படிப்பட்டதல்ல. ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னாலும் அது ஏதோ ஓர் ஆதாரம்தான், பத்தாயிரம் பேரை வைத்துச் செய்த சோதனையும் ஆதாரம்தான். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால், துண்டறிக்கை அடித்தவர் பொய் சொன்னதாகக்கூட ஆகாது.

பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்ற சொல் இருந்தது. ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது திருக்குறள். இந்திரனே போதுமான சாட்சி என்று பொருள். இன்றைக்குக் கரி என்றால் அடுப்புக் கரிதான் நினைவுக்கு வரும், அதனால் அதை மீட்க வழியில்லை. ஆனால் அதே தொடரில் பக்கத்திலேயே நிற்கிறது பாருங்கள், ‘சாலும்’. சால் என்றால் நிறைதல், போதுமானதாதல், தகுதியாதல். ‘சாலச் சிறந்தது’ என்கிறோமே, அந்தச் சால. நில் என்பதிலிருந்து நின்று வருவது போல, சால் என்பதிலிருந்து வருவது சான்று. குணங்களால் நிறைந்தவர் சான்றோர்.

எவிடென்ஸுக்குச் சான்று என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கிறது இலத்தீன் சொல். தாங்குகிறதா என்று கேட்கிறது ஆதாரம். சான்று கேட்பது, சாலுமா, இந்த முடிவை எடுக்க இது போதுமா என்று. மருத்துவத்துக்கு வேண்டிய கேள்வி இதுதான். வருமானச் சான்று, சாதிச் சான்று என்று அலுவலகக் காகிதமாகச் சான்றும் தேய்ந்துபோயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆதாரத்துக்குத் தமிழில் ஒரு வினைச்சொல் கிடையாது. சான்றுக்குச் ‘சாலும், சாலாது’ என்று உயிரோடு இருக்கிறது.

சாலுமா என்று எப்படிப் பார்ப்பது? நகை ஆசாரியின் பட்டறையில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் பாதி புரிந்துவிடும். ஆச்சிமார் பழைய நகையைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைக் கறுப்பு உரைகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். மஞ்சளாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து அவர் எதுவும் சொல்லமாட்டார். தரம் தெரிந்த தங்கத் துண்டு ஒன்று வைத்திருப்பார், மச்சம் என்று பெயர். அதையும் பக்கத்திலேயே உரசி, இரண்டு கோட்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்து, எது மங்குகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பார். பக்கத்துக் கோடு இல்லாமல் முதல் கோட்டுக்கு மதிப்பே இல்லை. ‘எங்கள் பொடியைச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது’ என்பது மச்சம் இல்லாத கோடு. அந்தப் பக்கத்துக் கோட்டைத்தான் ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு என்கிறோம்.

ஒப்பிட்டால் மட்டும் போதுமா? போதாது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி’ என்ற குறளில் வரிசையைக் கவனியுங்கள். தராசு முதலில் தன்னைச் சமன் செய்துகொள்கிறது, பிறகுதான் எடை போடுகிறது. மருந்து பெறும் குழுவில் இளைஞர்களும், பெறாத குழுவில் முதியவர்களும் இருந்தால் மருந்தை வைப்பதற்கு முன்பே தட்டு சாய்ந்துவிட்டது. அதனால் யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கிறார்கள். இதற்குச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்ற சொல் பாடநூல்களுக்குச் சரி. வீட்டில் விளக்கும்போது ‘குலுக்கிப் பிரித்தது’ என்பேன். தட்டு இப்படி ஒரு பக்கம் சாய்வதை ஆங்கிலத்தில் ‘பயஸ்’ என்பார்கள். அதற்குக் கோட்டம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்தச் சொல் கோயிலையும் குறிக்கும். சாய்வு போதும்.

இப்படிச் சமன் செய்து தூக்கிய ஆய்வுகளில் உலகமே திரும்பிப் பார்த்த ஒன்று நம் சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில், அதாவது காச நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். மறுபாதி நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஓராண்டு. சானடோரியம் இல்லாமல் காசம் குணமாகாது என்பதே அன்றைய நம்பிக்கை. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுக்கக் காச நோயாளிகள் வீட்டோடு இருந்தே மருந்து சாப்பிடலாம் என்று ஆனதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். சான்று சாலும் என்றால் இப்படி.

‘எவிடென்ஸ் பேஸ்டு மெடிசின்’ என்ற தொடரை 1991-இல் எழுதியவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கயாட். தமிழில் சான்றுசார் மருத்துவம். அப்புறம் வந்த ‘கிரேடு’ என்ற முறை சான்றின் உறுதியை உயர்ந்தது, மிதமானது, குறைந்தது, மிகக் குறைந்தது என்று நான்காகப் பிரிக்கிறது. குலுக்கிப் பிரித்த சோதனை உயர்ந்த படியில் தொடங்கும். சாய்வு இருந்தால், ஆய்வுக்கு ஆய்வு முடிவு முரண்பட்டால், ஆள் எண்ணிக்கை போதாவிட்டால் படி இறங்கும். எலியிடம் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொன்னாலும், சாதகமான முடிவை மட்டும் வெளியிட்டு மற்றதை அமுக்கினாலும் இறங்கும். தங்கத்தின் தரத்தை ‘மாற்று’ என்போம், பத்தரை மாற்றுத் தங்கம். ‘சான்றின் மாற்று’ என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் மாற்று மருத்துவம் என்ற தொடர் பரவிவிட்ட காலத்தில் அது குழப்பத்தில்தான் முடியும். சான்றின் உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

உறுதி வேறு, நம்பகம் வேறு. முறை அழகாக இருந்தும் கணக்கே பொய்யாக இருக்கலாம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். அதில் சொன்ன சில விவரங்கள் உண்மையல்ல என்று தெரிந்து, அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழ் திரும்பப் பெற 2010 ஆனது. அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார்கள் அயலூரிலிருந்து ஐந்தொகை என்ற மொத்தக் கணக்கை அனுப்பும்போது, குறிப்பையும் பேரேட்டையும் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் இங்கே ஏற்பார்கள். ஆராய்ச்சிக்கும் அப்படி ஒரு ஏடு வேண்டும் என்றுதான் 2007-இல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு வந்தது. என்ன அளக்கப் போகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே அதில் எழுதிவிட வேண்டும். பிறகு வசதிக்கேற்ப அளவை மாற்றினால் பிடிபடும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், காசு கிடையாது.

இந்த வாரம் ஆச்சி மறுபடி வந்தார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார், பொடியைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டுமாம், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம். அதே துண்டறிக்கையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை பேர்? பக்கத்தில் மச்சம் உண்டா? குலுக்கிப் பிரித்தார்களா? முன்கூட்டிப் பதிவு செய்தார்களா? கண்ணாடியை இறக்கி ஒருமுறை படித்துவிட்டு, “டாக்டருக்கு மச்சம்னா விளங்குமா தம்பி?” என்றார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘ஒப்பீட்டுக் குழு’ என்று மேலே எழுதினேன்.