உயிர்க்குறியா, சிறுநீர்க் குறிகாட்டியா?

புரொஸ்டேட் புற்றுநோய் பற்றிய துண்டுப்பிரசுரங்களிலும் வானொலி மருத்துவ நிகழ்ச்சிகளிலும் ‘சிறுநீரை அடிப்படையாகக் கொண்ட உயிர்க்குறிகள்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி தலைகாட்டுகின்றது. பயோமார்க்கர் என்பதற்கு நேராக வைக்கப்பட்ட இந்த ‘உயிர்க்குறி’ மலையகத்து ஹற்றனிலும் பண்டாரவளையிலும் நடக்கும் சுகாதாரக் கூட்டங்கள் வரை ஏறிவந்துவிட்டது. இனியும் வாளாவிருந்தால் அது பாடநூலுக்குள்ளும் குடியேறிவிடும் என்பதால் இதை எழுதுகின்றேன்.

மூலச்சொல்லின் வரலாறு நீண்டதன்று. ‘பயோஸ்’ என்பது வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; ‘மார்க்’ என்பது எல்லையையும் அடையாளத்தையும் குறித்த பழைய ஜெர்மானியக் கிளைச் சொல். இரண்டையும் ஒட்டிய கூட்டுச்சொல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. 1998இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழுவொன்று அதற்கு வரையறை வகுத்தது: இயல்பான உடற்செயலையோ நோய்ச்செயலையோ சிகிச்சைக்கு உடல் காட்டும் மாற்றத்தையோ காட்டுவதாக, புறநிலையில் அளந்து மதிப்பிடப்படும் ஒரு பண்பு. புரொஸ்டேட் என்பதும் கிரேக்கமே. ‘முன் நிற்பவர்’ என்பது பொருள். இலங்கைக் கலைச்சொல் மரபின் ‘முன்னிற்குஞ் சுரப்பி’ அதன் நேர்பெயர்ப்பு. சற்றுக் கனமான சொல்லாயினும் பிழையான சொல்லன்று. அதனோடு எனக்குச் சண்டை இல்லை.

பொருள் எது என்று தெரிந்தால்தான் பெயரை எடைபோடலாம். சலப்பைக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்கு, சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இந்தச் சுரப்பி அமைந்திருக்கின்றது. அதன் நுண்குழாய்களும் அந்தக் குழாய்க்குள்ளேயே திறக்கின்றன. எனவே சுரப்பியிலிருந்து உதிரும் கலங்களும் சுரப்புகளும் சிறுநீரோடு வெளிவரும். மருத்துவர் மலவாசல் வழியே விரலால் சுரப்பியை அழுத்திப் பரிசோதித்த பின்னர், முதலில் வரும் சிறுநீரைச் சேகரித்தால் அவை கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் சிறுநீரில், மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை அளப்பதே இந்தப் பரிசோதனைகளிற் பலவற்றின் உள்ளடக்கம். 1999இல் விவரிக்கப்பட்ட பி.சி.ஏ.3 எனும் ஆர்.என்.ஏ. புற்றுக் கலங்களில் மிகையாகக் காணப்படுவது. அதன் அளவை, இந்தச் சுரப்பி ஆக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்துக்குரிய, அதே சிறுநீரிலுள்ள ஆர்.என்.ஏ. அளவோடு ஒப்பிட்டுப் புள்ளி கணிக்கின்றனர். முதலில் எடுத்த பயொப்சியில், அதாவது இழையத் துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனையில், புற்று அகப்படாதவருக்கு மறுபடியும் பயொப்சி வேண்டுமா என்று தீர்மானிக்க உதவும் பரிசோதனையாக 2012இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2005இல் கண்டறியப்பட்ட இன்னொன்று, இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டுவதால் உண்டாவது. மேலைநாட்டு நோயாளரின் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அது காணப்படுகின்றது, ஆசியரிடத்தில் குறைவு. குருதியில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ.யோ சுரப்பி வெறுமனே வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் உயரும். அந்தக் குழப்பத்தைக் குறைத்து, தேவையற்ற பயொப்சிகளைத் தவிர்ப்பதே சிறுநீர்ப் பரிசோதனைகளின் நோக்கம். இவற்றுள் எதுவும் தனித்து நின்று ‘புற்றுநோய் உண்டு’ என்று தீர்ப்புச் சொல்வதில்லை; அந்தத் தீர்ப்பு இழையத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்னரே.

இனி, ‘உயிர்க்குறி’க்கு வருவோம்.

முதற்குறை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் எவரும் வாய்திறந்து சொல்லாதது. ஆண்களின் உறுப்பு நோய் பற்றிய தாளொன்றில் ‘குறி’ என்று முடியும் சொல்லைப் பத்து இடத்தில் அச்சிட்டு, அதைத் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கூடிய ஆண்களிடம் உரக்க வாசித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழத்தான் செய்யும். ‘அறிகுறி’யும் குறியில்தானே முடிகின்றது என்பார்கள். ஆம், அது வழக்கில் ஊறிய சொல், எவரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. புதுச்சொல்லைக் கேட்பவர் முதலிற் செய்வதே அதைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

சிரிப்பையாவது பொறுக்கலாம். பெரிய குறை ‘உயிர்’ என்ற முற்பாதியில் இருக்கின்றது. ஆங்கிலத்தில் ‘பயோ’ என்ற முன்னொட்டு தேய்ந்துபோனது. அதைக் கேட்டு எவரும் சாவையோ வாழ்வையோ நினைப்பதில்லை. தமிழில் உயிர் அப்படித் தேயவில்லை. உயிர் போகின்றது, உயிர் தப்புகின்றது, உயிரைக் கொடுத்து உழைக்கின்றோம். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு அருகே நின்று அத்தகைய துண்டுப்பிரசுரமொன்றை எழுத்துக்கூட்டி வாசித்த முதியவர் ஒருவர், சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டார்: “உயிர்க்குறின்னா என்னாங்க தம்பி? உசுரு நிக்குமா போகுமான்னு ஒண்ணுக்குலயே தெரிஞ்சிருமா?” உத்தியோகத்தர் அதெல்லாம் இல்லை என்று சமாளித்தார். முதியவரின் வாசிப்பில் பிழையே இல்லை. அந்தச் சொல் தமிழில் என்ன சொல்கின்றதோ அதைத்தான் அவர் படித்தார். நாடித்துடிப்பு, உடல்வெப்பம், சுவாசம், குருதியழுத்தம் ஆகியவற்றை உயிர்க்குறிகள் என எழுதும் வழக்கம் உண்டு. அங்கே அது பொருந்தும், ஏனெனில் அவை நின்றால் உயிர் போய்விடும். பி.சி.ஏ.3 கூடினாலும் குறைந்தாலும் அப்படி எதுவும் நேர்வதில்லை.

‘உயிர்க்குறிப்பான்’ என்று திருத்துவோர் சிலர் உள்ளனர். குறிப்பான் என்பதைத் தமிழ்க்காது முதலில் வினைமுற்றாகவே கேட்கும்: அவன் குறிப்பான், அவள் குறிப்பாள். எந்திரத்துக்கும் மூலக்கூறுக்கும் ‘ஆன்’ விகுதி பூட்டும் இந்தப் பழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. உயிர் என்னும் சிக்கலும் அதில் அப்படியே இருக்கின்றது.

இன்னொரு சாரார் தூய்மையின் பெயரால் ‘நீர்க்குறி’ என்கின்றனர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இது நம்முடைய பழஞ்சொல். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. அதன் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் நல்லெண்ணெய்த் துளியொன்றை விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். சொல்லழகில் ‘நீர்க்குறி’யை மிஞ்ச ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் ஏற்கெனவே குடியிருப்பவரை எழுப்பிவிட்டு அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுப்பது முறையன்று. நீர்க்குறி என்பது ஒரு முழு மருத்துவ முறையின் கலைச்சொல். அதன் பின்னால் வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கோட்பாடு நிற்கின்றது. ஆர்.என்.ஏ. விகிதத்துக்கு அதே பெயரைச் சூட்டினால், எண்ணெய்த் துளியைக் கொண்டே புரொஸ்டேட் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று விளம்பரம் செய்ய ஒருவர் நாளையே கிளம்புவார். பழமைப் பெருமை பேசுவோருக்கு வேண்டுமானால் வேறொரு செய்தி உண்டு: புற்றுநோய்க்கென அறியப்பட்ட முதல் பயோமார்க்கரும் சிறுநீரில் அகப்பட்டதே. 1840களில் லண்டனில் பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர், என்புமச்சைப் புற்றுநோயாளி ஒருவரின் சிறுநீரில், சூடாக்கத் திரண்டு, கொதிக்கக் கரைந்து, ஆற மீண்டும் திரளும் புரதமொன்றை விவரித்தார்.

நான் முன்வைப்பது ‘குறிகாட்டி’. நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களில் பாசிச்சாயம், பினோத்தலீன் முதலியவற்றைக் ‘காட்டி’ என்றே படித்தோம். பொருளாதார அறிக்கைகளில் ‘குறிகாட்டி’ பல்லாண்டுகளாகப் புழங்குகின்றது. ‘காட்டி’ மட்டும் போதாது, ஏனெனில் பாசிச்சாயம் வெளியிலிருந்து நாம் இடுவது. இங்கே பேசப்படுவதோ உடலே தருவது. ‘நோய்காட்டி’ என்பது மிகைப்படச் சொல்வது: அது நோயையே காட்டிவிட்டதாகிவிடும், பி.எஸ்.ஏ. உயர்ந்தவரெல்லாம் அன்றிரவு தூங்கமாட்டார்கள். குறிகாட்டியோ குறியை மட்டுமே காட்டும். நோய் உண்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அடக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றது. ‘பயோ’வுக்கு நேராக ஒன்று வேண்டும் என அடம்பிடிப்போர் நூல்களில் ‘உயிரியற் குறிகாட்டி’ என்று எழுதட்டும், தடையில்லை. நோயாளியின் கையிற் கொடுக்கும் தாளில் ‘சிறுநீர்க் குறிகாட்டி’ போதும். சிறுநீர் என்று சொன்ன பிறகு அது உடலிலிருந்து வந்தது என்பதற்குத் தனிச் சாட்சி எதற்கு?

சொல்லைத் திருத்தினாலும் தொடர் திருந்தாவிட்டால் பயனில்லை. ‘சிறுநீரை அடிப்படையாகக் கொண்ட’ என்பதில் தமிழ் ஓசை துளியும் இல்லை. ‘சிறுநீர்’ என்ற ஒரு பெயரடை அந்த மூன்று சொற்களின் வேலையைச் செய்துவிடும். அதே தாளில் இந்தப் பரிசோதனை ‘புற்றுநோயை உறுதிப்படுத்தும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். இதை மொழிப்பிழை என்று மன்னிக்க முடியாது, மருத்துவப் பிழை. மெதுவாக வளரும் புற்றுக்கு உடனே அறுவை செய்யாமல், பி.எஸ்.ஏ.யையும் பயொப்சியையும் காலந்தோறும் பார்த்துவரும் முறைக்குச் ‘செயலூக்கமிக்க கண்காணிப்பு’ என்று பெயரிட்டிருந்தார்கள். கண்காணி என்ற சொல் மலையகத்தில் தோட்டத் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியாகி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைக்குமேல் நின்ற கதையை அறியாதவர்களே அந்த மக்களிடம் ‘உங்களைச் செயலூக்கத்தோடு கண்காணிப்போம்’ என்று எழுதுவார்கள். ‘விடாமல் கவனித்து வருதல்’ என்றால் லயத்துப் பாட்டிக்கும் விளங்கும். அகராதியை விரித்துவைத்துக்கொண்டு மேசையில் மொழிபெயர்ப்போர், அச்சுக்கு அனுப்புமுன் அந்தத் தாளைத் தோட்டத்து மருந்துச்சாலை வாங்கில் காத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதே இல்லை.

அந்தத் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியை நான் எழுதுவதாயின் இப்படி எழுதுவேன்: ‘உங்கள் சிறுநீரில் உள்ள சில குறிகாட்டிகளை அளந்து பார்த்தால், முன்னிற்குஞ் சுரப்பியில், அதாவது புரொஸ்டேட்டில், புற்று இருக்கக்கூடிய வாய்ப்புக் கூடுதலா குறைவா என்று மருத்துவருக்குத் தெரியும், பயொப்சி தேவையா என்பதை அதன் பின்னர் அவர் உங்களோடு பேசி முடிவுசெய்வார்.’