அரைக்கால் என்றால் முக்கால் இல்லை: தாத்தா நோட்டில் இருக்கும் மருந்து அளவுகள்

போன ஆனி மாதம் ஒரு நாள் காலையில் கிளினிக்கைத் திறக்கப் போனபோது வாசல் திண்ணையில் ஒரு பெரியவர் மகன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது 68. கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது, கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. முந்தின நாள் விடியற்காலையில் பேதிக்காக விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார். மதியத்துக்குள் நிற்க வேண்டியது இரவு முழுக்க நிற்கவில்லை.

"பதினஞ்சுக்கு மேல எண்ணறதையே விட்டுட்டோம் டாக்டர்" என்றார் மகன்.

உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆட்டோ வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகு எழுந்து உட்கார்ந்தார். நல்லவேளை, காலையிலேயே கூட்டி வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மகன் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். பெரியவரின் தாத்தா எழுதியது. எனக்குப் படிக்கவே ஆசையாக இருந்தது, அவ்வளவு ஒழுங்கான கையெழுத்து. பேதிக்கான குறிப்பில் ஒரே வரி: "விளக்கெண்ணெய் ஆழாக்கில் அரைக்கால், சுக்குக் கஷாயத்தில் விட்டுச் சாப்பிடவும்." இதில் எந்தத் தப்பும் இல்லை. ஆழாக்கு 168 மில்லி என்று வைத்தால் அதில் அரைக்கால் பங்கு 21 மில்லி. பெரியவர்களுக்குப் பேதிக்கு நாங்கள் கொடுக்கும் 15 முதல் 30 மில்லிக்குள் சரியாக வந்து நிற்கிறது.

வீட்டில் என்ன செய்தார்கள்? அரையும் காலும் சேர்ந்தால் முக்கால்தானே என்று நினைத்து, முக்கால் ஆழாக்கு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். குடிக்க வேண்டியதைப் போல 6 மடங்கு.

சித்த மருத்துவனாக 19 வருடம் ஓடிவிட்டது. மூலிகையை மாற்றிப் போட்டு அவதிப்பட்டு வந்தவர்களை நான் பார்த்தது குறைவு. அளவை மாற்றிப் போட்டு வந்தவர்கள்தான் அதிகம். பரணிலிருந்து நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டிப் படிக்கிற ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது 8-ல் 1 பங்கு. மாகாணி என்றாலும் வீசம் என்றாலும் 16-ல் 1 பங்கு. அரைக்கால் படி என்று எழுதியிருந்தால் அது ஆழாக்கு. கால் படி என்றால் உழக்கு. அரைப்படி என்றால் உரி. மூழாக்கு என்று ஒரு சொல் வரும். அது தனிப் பாத்திரம் இல்லை, 3 ஆழாக்கு. இதை "முழு ஆழாக்கு" என்று வாசித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எண்களிலும் வழுக்கும். தமிழ் எண் ௮ பார்வைக்கு 'அ' போலவே இருக்கும், அதன் மதிப்பு 8. ஒரு அம்மா "நீர் ௮ உழக்கு" என்பதை "அரை உழக்கு" என்பதன் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு படி தண்ணீரில் கொதிக்க வேண்டிய வேர்களை ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் போட்டு, பாத்திரம் தீய்ந்ததோடு போயிற்று. அது நல்லதாகவே போயிற்று, குடித்திருந்தால் தொல்லை. அதேபோல ௧ என்பது 'க' மாதிரி இருக்கும், அது 1. ௨ என்பது 'உ', அது 2. பக்கத்தின் உச்சியில் உ இருந்தால் பிள்ளையார் சுழி, சரக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு.

சொல்லும் எண்ணும் சரியாகப் படித்தாயிற்று என்றால், அப்புறம்தான் மில்லிக்கு மாற்றும் வேலை. சித்த மருந்து செய்முறை நூல்களில் இன்று நாங்கள் பின்பற்றும் கணக்கு இது. ஆழாக்கு 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, 336 மில்லி. இரண்டு உழக்கு ஒரு உரி, 672 மில்லி. இரண்டு உரி ஒரு படி, 1,344 மில்லி, சுருக்கமாக 1.3 லிட்டர். அதற்கு மேலே மரக்கால் 5.3 லிட்டர், பதக்கு 10.7, தூணி 21.5, கலம் 64.5 லிட்டர். வீட்டு மருந்துக்குப் படிக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. ஒரு படியை ஒரு லிட்டர் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கால் பங்குக்கு மேல் தண்ணீர் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்து எல்லா நோட்டையும் மாற்றிவிடலாமா? முடியாது. நோட்டு எழுதியவர் வீட்டில் எந்தப் படி இருந்தது என்பது நமக்குத் தெரியாது.

பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் படித்த வாய்பாடு நினைவிருப்பவர்கள் சொல்வார்கள்: 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஒரு ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு நாழி (படிக்கு இன்னொரு பெயர்). ஆக ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு மழை நாளில் நோயாளிகள் வராத நேரத்தில் நானே உட்கார்ந்து 360 நெல்லை எண்ணி அளவுக் குழாயில் போட்டுப் பார்த்தேன். 20 மில்லி கோட்டைத் தொடவில்லை. மேலே சொன்ன 168 மில்லி ஆழாக்கில் 5-ல் 1 பங்கு என்றால் 33 மில்லிக்கு மேல் வந்திருக்க வேண்டும். ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது.

நெல் ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. பழைய வாய்பாட்டில் ஒரு குறுணிக்கு, அதாவது மரக்காலுக்கு, 8 நாழி. மேலே சொன்ன பட்டியலிலோ 5.3 லிட்டர் மரக்காலில் 4 படிதான் அடங்கும். 5.3 லிட்டரை 8-ஆல் வகுத்தால் 670 மில்லிக்குப் பக்கத்தில் வரும். அது இன்றைய உரி. பழைய நாழி ஒரு சின்னப் படியாக இருந்திருக்கிறது, பின்னால் பெரிய படி வந்தபோது பெயர்கள் அதன் மேல் ஏறிக்கொண்டன என்பது என் கணிப்பு. ஒரு நோட்டில் 'நாழி' என்று பார்த்தவுடன் 1.3 லிட்டர் என்று நான் எழுதிவிடாததற்கு இதுதான் காரணம்.

ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லளவு சொல்லும் இடங்களில் வெறும் மரக்கால் என்று விடுவதில்லை. ராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று எழுதுவார்கள். அருமொழிதேவன் என்று பெயர் கொண்ட மரக்காலும் உண்டு. அளந்த கருவியின் பெயரைச் சொல்லாமல் அளவைச் சொன்னால் அது பாதிச் செய்திதான் என்று அந்தக் கணக்கர்களுக்குப் புரிந்திருந்தது. நம் தாத்தாக்கள் தங்கள் வீட்டுக்காக மட்டும் எழுதினார்கள். கையில் இருந்த பாத்திரத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

ஊருக்கு ஊர் பெயர்கூட மாறும். கொங்குப் பக்கம் வள்ளம் என்பார்கள், நெல்லை பக்கம் கோட்டைக் கணக்கு, யாழ்ப்பாணத்தில் அரிசிக்குக் கொத்து. சின்னப்படி, பெரியபடி, பட்டணம் படி என்று ஒரே ஊரிலேயே இரண்டு மூன்று புழங்கியிருக்கும். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து கடைகளில் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. வீட்டு அடுக்களையில் இருந்த படிக்கு முத்திரை குத்த யாரும் வரவில்லை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். குறிப்பில் இரண்டு வகை அளவு இருக்கும், அவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று காய்ச்சும் அளவு, மற்றொன்று குடிக்கும் அளவு.

காய்ச்சும் அளவு பெரும்பாலும் விகிதம். "எட்டொன்றாய் வற்றக் காய்ச்சி" என்றால் 8 பங்கு தண்ணீர் 1 பங்காக வேண்டும். எந்தப் படியால் அளந்தாலும் இது மாறாது. ஒரு படி நீர் எட்டொன்றாய் வற்றினால் ஒரு ஆழாக்கு. படி பெரிதானால் ஆழாக்கும் அதே அளவுக்குப் பெரிதாகும். எண்ணெய் இத்தனை பங்கு, சாறு இத்தனை பங்கு என்று வரும் தைலக் குறிப்புகளும் அப்படியே. ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால் போதும். நிலவேம்புக் குடிநீருக்கு இன்று நாங்கள் சொல்வது 5 கிராம் சூரணத்துக்கு 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாக வற்ற வேண்டும். நான்கு பேருக்கு என்றால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்கிக்கொள்ளலாம், தவறு வராது.

சரக்கு எடையிலும் தண்ணீர் படியிலும் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். "சரக்கு பலம் 1, நீர் படி 1" என்பது மிகச் சாதாரணமான குறிப்பு. பலம் என்பது எடை, 35 கிராம். கடையில் 50 கிராம் பொட்டலம் வாங்கி முழுவதையும் கொட்டி, படிக்குப் பதில் ஒரு லிட்டர் ஊற்றினால் கஷாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகிவிடும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் அப்படிப்பட்ட கஷாயத்தைக் குடித்துவிட்டு எரிச்சலோடு வருவது எனக்குப் பழகிப்போன காட்சி. படியைக் கிலோவாக மாற்றுவதிலும் இதே அவசரம்தான். ஒரு படி தண்ணீர் 1.34 கிலோ, ஒரு படி நல்லெண்ணெய் 1.25 கிலோவுக்கும் குறைவு, ஒரு படி தேன் 1.9 கிலோவை நெருங்கும். தேன் பாட்டிலில் இருக்கும் கிராமை மில்லி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிசி, பயறு என்றால் தலை தட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்ற கேள்வி வேறு வந்துவிடும்.

குடிக்கும் அளவு விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. வாய்க்குள் போவது மில்லியிலோ கிராமிலோதான் இருக்க வேண்டும், அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பேதி மருந்துக்கும், உலோகம், தாது இவற்றைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் போன்றவற்றுக்கும் இது இன்னும் கண்டிப்பு. குன்றி எடை என்று ஏட்டில் இருப்பது 130 மில்லிகிராம். அதைக் கண்ணால் பார்த்துக் கிள்ளிப் போடக் கூடாது.

குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உரை மருந்தைச் சங்கில் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. சங்கும் பாலாடையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. பாட்டி வீட்டுச் சங்குக்கு அரைச் சங்கு என்று சொன்னது, புதிதாக வாங்கிய சங்குக்குப் பொருந்தாது. கரண்டியும் அப்படித்தான். எங்கள் பழைய பட்டியலில் தேக்கரண்டி 4 மில்லி, இன்றைய மருந்து மூடியில் 5 மில்லி, சமையலறைக் கரண்டியோ கடைக்காரர் இஷ்டம். ஊசி இல்லாத சிரிஞ்ச் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் தண்ணீரை உறிஞ்சிச் சங்கில் விட்டுப் பாருங்கள். எத்தனை மில்லியில் நிறைகிறதோ அதைக் குழந்தையின் மருந்துச் சீட்டில் எழுதி வையுங்கள்.

வீட்டுப் படிக்கும் இதே வேலையைச் செய்துவிடலாம். சமையலறைத் தராசு இருந்தால் காலிப் படியை வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. தராசு இல்லையென்றால் லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்க்கலாம். பித்தளைப் படி, இரும்புப் படி, மூங்கில் நாழி, எதுவாக இருந்தாலும் பத்து நிமிட வேலை. அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாக் குறிப்புக்கும் ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். படியும் நோட்டும் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பது பெரிய பாக்கியம். பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்ட வீடுகள்தான் அதிகம்.

அந்தப் பெரியவர் உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் தானே வந்தார். பையிலிருந்து ஒரு பித்தளை ஆழாக்கை எடுத்து மேஜையில் வைத்தார். தாத்தாவுடையதுதானாம். இரண்டு பேருமாகத் தண்ணீர் ஊற்றி அளந்தோம். 205 மில்லி. அப்படியென்றால் அன்றைக்கு அவர் குடித்தது 126 மில்லி என்று நான் போட்ட கணக்கும் தப்பு, 150-ஐத் தாண்டியிருக்கிறது. தாத்தா சொன்ன அரைக்கால் பங்கு 25 மில்லியும் கொஞ்சமும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கை இன்னும் லேசாக நடுங்கியது. தாத்தாவின் வரிக்குக் கீழே, அவர் எழுத்தைத் தொடாமல், "நம் வீட்டு ஆழாக்கு 205 மில்லி. அரைக்கால் = எட்டில் ஒன்று. டாக்டரைக் கேட்காமல் யாரும் குடிக்கக் கூடாது" என்று எழுதி, தேதி போட்டு, என்னையும் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்.