சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொடுங்கள்

போன புதன்கிழமை கிளினிக்கில் ஐயா ஒருவர் கதிரையில் இருந்ததும் நாக்கை நீட்டிக் காட்டினார். வலது ஓரத்தில் பல் பதிந்த காயம் ஆறத் தொடங்கியிருந்தது. "மலையில கடிபட்டுப் போச்சு டொக்டர்" என்றார், ஏதோ காலில் முள்ளுக் குத்தினது போல. ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் காட்டை வாங்கிப் பார்த்தேன். இரத்தச் சீனி 28 mg/dL, ஆபத்தான குறைவு. வலிப்பு. இந்தப் பருவத்தில் இதே கதையோடு என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆள் அவர். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஊருக்குள் கதை ஏற்கெனவே உலாவுகிறது என்பது வேறு.)

காலபோக நெல் வெட்டு முடிந்து கையில் நாலு காசு புழங்குகிற நேரமும் சிவனொளிபாதமலைப் பருவமும் ஒன்றாக வருகின்றன. டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை சங்கம், கோயில், ஒழுங்கை என்று ஆளாளுக்கு ஒரு பஸ் பிடிக்கிறார்கள். பின்னேரம் கிளிநொச்சியில் ஏறினால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு ஹற்றன், நல்லதண்ணி. நடுச்சாமம் தாண்டி ஏறத் தொடங்கினால்தான் உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். 2,243 மீற்றர் மலை, 5,000-க்கு மேல் படிகள். வன்னியில் நாங்கள் ஏறுகிற ஆகப் பெரிய ஏற்றம் இரணைமடுக் குளக்கட்டு.

"தோட்டம் கொத்துற உடம்பு டொக்டர், மலை என்ன செய்யப் போகுது?" என்பார்கள். சாப்பிட்டிருந்தால் அந்த உடம்பு ஏறியிருக்கும்தான். ஐயா சாப்பிடவில்லை. பஸ்ஸில் சத்தி வரும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டவர், சீனியைக் குறைக்கிற கிளிக்கிளசைட் குளிசையை மட்டும் மறக்காமல் ஏழு மணிக்கு விழுங்கியிருக்கிறார். "நீங்கள்தானே நேரம் தவறாமல் போடச் சொன்னது?" ஓம், சொன்னேன். சாப்பாட்டோடு என்றும் சொன்னேன். கிளினிக் கொப்பியிலும் எழுதியிருக்கிறது. வயிற்றில் சோறு கிடக்கிறதா என்று அந்தக் குளிசை எட்டிப் பார்ப்பதில்லை.

பாதி வழியில் கை நடுங்கியது. குளிராக்கும் என்று மகன் தன் ஜக்கெட்டையும் கழற்றிப் போட்டுவிட்டான். குளிரில் நடுங்குகிற ஆளுக்கு ஏன் சேட்டு நனைய வியர்க்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு மருமகளைக் காரணமில்லாமல் ஏசினார். அவர் யாரையும் ஏசுகிற மனுசன் இல்லை. அதற்குப் பிறகு படியில் குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றார். "களைச்சுப் போனார், கொஞ்சம் இருக்கட்டும்" என்று கூட வந்தவர்களில் பாதிப் பேர் மேலே போய்விட்டார்கள். அவர்களுக்கு உச்சியில் மணி அடிக்க வேண்டும், உதயம் பார்க்க வேண்டும்.

அவர் குந்தியிருந்தது ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால். கையெட்டும் தூரத்தில் சீனிப் போத்தல். மகன் தேத்தண்ணி வாங்கப் போக, பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாராம்: "தம்பி, ஐயாவுக்குச் சீனி வருத்தமெல்லோ, சீனி போடாமல் வாங்கு." அவனும் அப்படியே வாங்கினான். குடித்துக் கொஞ்ச நேரத்தில் வலிப்பு.

வருடம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியும் நிற்காத சீனி, அந்த ஒரு கோப்பையில் மட்டும் நின்றுபோனது! பொங்கலில் சர்க்கரை, கலியாண வீட்டில் கேசரி, பின்னேரத் தேத்தண்ணியில் மூன்று கரண்டி. அப்போதெல்லாம் வராத கட்டுப்பாடு. எங்களிலும் பிழை உண்டு. கிளினிக்கில் "சீனி நஞ்சு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். வரிசையில் நூறு பேர் நிற்கையில் மிச்சம் சொல்ல நேரமில்லை. ஆகவே மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

சீனி வருத்தக்காரருக்குச் சீனி குறையவும் செய்யும். மருந்து எடுப்பவர், சாப்பிடாதவர், உடம்பை முறித்தவர் என்ற மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் நன்றாகவே குறையும். கூடின சீனி வருடக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். குறைந்த சீனி நிமிடக்கணக்கில் ஆளை விழுத்தும். வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம், சம்பந்தமில்லாத கதை, திடீர்க் கோபம் இருந்தால் யோசிக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நெக்டோ சோடா இருந்தால் அரைக் கிளாஸ் போதும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். "மெசினில பார்த்திட்டுக் குடுப்பமோ?" மெசின் கீழே பஸ்ஸில் கிடக்கும். கையில் இருந்தாலும் அந்தக் குளிரில் பிழையாகக் காட்டலாம். "சீனியில்லாத டொபி?" அதைக் கொடுப்பதும் கல்லைக் கொடுப்பதும் ஒன்று. பனங்கட்டி சீனி வருத்தத்துக்கு ஒன்றும் செய்யாது என்று என்னோடு வாதாடுகிறவர்களே, அதுவும் சீனிதான். இந்த நேரத்திலாவது அதைக் கொடுங்கள்.

பிரஷருக்கோ இதயத்துக்கோ அற்றினலோல் போன்ற குளிசை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக் கொடுக்கும்.

ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். வலிப்புக்குத் தேசிக்காய், கையில் திறப்பு, இந்த வேலைகளும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், நாலு பொடியன்கள் தூக்கி இறக்கட்டும். தெளிந்து எழும்பினாலும் மேலே விடாதீர்கள். இந்தக் குளிசையின் வேலை மணிக்கணக்கில் நிற்கும். திரும்பி வரும் பஸ்ஸில் நித்திரை என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் சீனி மறுபடி விழும். சோறோ பாணோ சாப்பிடக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சீனி வருத்தக்காரர் போவதென்றால் ஒரு கிழமை முன்னமே கொப்பியோடு வந்து கேளுங்கள். சாப்பாடு இல்லாவிட்டால் அந்த வேளைக்குக் கிளிக்கிளசைட்டும் இல்லை. இன்சுலின் போடுபவர் தன்பாட்டில் நிறுத்தவும் கூடாது, வழமை அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது, கேட்டுவிட்டுப் போங்கள். டொபி சேட்டுப் பையில் இருக்கட்டும், பஸ்ஸில் கிடக்கிற பையில் வேண்டாம். நேர்த்தி என்று வெறுங்காலோடு ஏறுகிற அம்மாமாரே, கால் விறைப்பு உள்ள உங்களுக்குக் கொப்புளம் வந்தது வீட்டுக்கு வந்துதான் தெரியும். பிறகு அந்தப் புண்ணை மாதக்கணக்கில் கட்டுவது நாங்கள். செருப்போடு ஏறினால் சாமி கோவிக்காது. பஸ் பிடிக்கிற தம்பிமார், யாருக்கு என்ன வருத்தம் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். ஆகப் பிந்தி வருகிற ஆளோடு ஒருவர் நில்லுங்கள். உதயம் நாளைக்கும் வரும்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவும் ஐயாவோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னவர். கடைசியில் மெல்லக் கேட்டார்: "டொக்டர், குடுத்துச் சீனி கூடிப் போனால்?"

"கூடினால் இங்க கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. ஒரு கிழமையில இறக்கித் தாறன்."

சித்திரை லீவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பஸ் வெளிக்கிடுகிறதாம். போகிறவர்கள் அதற்கு முதல் வருகிற புதன் கிளினிக்குக்கு வாருங்கள். கொப்பியை மறக்க வேண்டாம்.