பனி இறங்கினால்தான் தீ படுக்கும்

வனத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்டுத்தீ பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மூங்கிலும் மூங்கிலும் உரசித்தானே சார் பத்திக்குது?" என் பணிக்காலத்தில் அப்படிப் பற்றிய தீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பீடித் துண்டு, தேன் எடுக்கப் போனவர் அணைக்காமல் விட்ட பந்தம், புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைத்தது, காட்டோரத்தில் குப்பை கொளுத்தியது. நம் காடுகளில் ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதன் வைத்ததுதான்.

அப்படியென்றால் காலநிலை மாற்றம் இதில் எங்கே வந்தது? நியாயமான கேள்வி. தீக்குச்சியைக் கிழிப்பது மனிதன். அந்தத் தீ நாலு சென்ட்டில் முடியுமா, நானூறு ஏக்கருக்குப் போகுமா என்பது சருகில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் பொறுத்தது. காற்று ஒரு டிகிரி சூடானால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. காற்றுக்குத் தாகம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தத் தாகத்தைப் புல், சருகு, உண்ணிச்செடி என்று கிடைத்ததிலெல்லாம் உறிஞ்சித் தீர்த்துக்கொள்கிறது.

நாங்கள் இதை இரவில்தான் உணர்ந்தோம். தீயணைப்பு என்றதும் தண்ணீர் லாரியை நினைக்காதீர்கள்; மலைச்சரிவில் தண்ணீருக்கு எங்கே போவது? பச்சைத் தழையை ஒடித்து அடிப்போம். மண் தெரியும்வரை சருகைக் கூட்டிக் கோடு போடுவோம். வேறு வழியில்லை என்றால் எதிர்த்தீ வைப்போம்; அதாவது, வரும் தீக்குத் தீனி இல்லாமல் போக, அதன் முன்னால் கிடக்கும் சருகை நாங்களே எரித்துவிடுவோம். பகலில் முடியாததை நள்ளிரவுக்குப் பிறகு முடிப்போம். பனி இறங்கியதும் தீ தானாகப் படுத்துவிடும், அணைப்பது பாதி வேலைதான். இரவும் சூடாகிவிட்டால் அந்தச் சில மணி நேரம் கை நழுவிப் போகிறது. தீ தாண்டாதபடி காட்டுக்குள் வெறும் பட்டையாக எரித்து வைக்கும் தீத்தடுப்புக் கோடுகளுக்கும் இதே கதைதான். கோடை பிறக்கும் முன், தரையில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அவற்றை எரித்து முடிக்க வேண்டும். காடு முந்திக் காய்ந்துவிட்டால், காப்பாற்ற வைத்த தீயே கைமீறும்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. அங்கே பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டும் மிக வறண்ட ஆண்டும் 2019. அக்டோபரில் சிட்னிக்கு வடமேற்கே காஸ்பர்ஸ் மலையில் ஒரு மின்னல் வைத்த தீ மட்டும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. எப்போதும் ஈரமாக இருக்கும் மழைக்காடுகளில்கூட நெருப்பு புகுந்தது. தீயே தனக்கென்று இடிமேகத்தை உருவாக்கி, அதிலிருந்து புதிய மின்னலை இறக்கியது. நேரடியாகத் தீயில் இறந்தவர்கள் 33 பேர்; புகையால் இறந்தவர்கள் 400 பேருக்கு மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதும் தப்பு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியது காய்ந்த புல் மண்டிய சரிவில். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேல்நோக்கி வரும் தீயை ஓடி ஜெயிக்க முடியாது. கோடையில் மலையேறுகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகி வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த தரையையோ தேடுங்கள்.

2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியது. அடுத்த மாதம் ஊட்டியில் 29 டிகிரி. ஊட்டியில்!

இப்போது செயற்கைக்கோள் பார்த்த தீ, குறுஞ்செய்தியாக வனச்சரகரின் கைபேசிக்கே வந்துவிடுகிறது. என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் இன்று சரகர். போன கோடையில் ஒருநாள் விடியற்காலை மலையிலிருந்தே கூப்பிட்டான். "மணி மூணாச்சுங்கய்யா, இன்னும் படுக்கல. பனியே இறங்கலைங்க."