ஆளைக் குறைப்பதற்கு லீன் பயிற்சி கேட்காதீர்கள்

சென்ற மாதம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள ஒரு நண்டு கம்பெனிக்கு லீன் பயிற்சி, அதாவது வேலையில் வீணாவதைக் குறைக்கும் முறைக்கான பயிற்சி, கொடுக்கப் போயிருந்தேன். நண்டை அவித்து, ஓடு உடைத்து, சதை பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கூடங்களை இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, உரிமையாளர் தமது தேவையைச் சொல்லிவிட்டார்: "சார், பத்துப் பேர் பார்க்கிற வேலையை ஏழு பேர் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுத்துருங்க, அது போதும்." எண்ணிக்கை மட்டும் மாறி, இதே பேச்சைத் தொண்டியில் ஓர் இறால் கூடத்திலும் பாம்பன் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியிலும் கேட்டிருக்கிறேன். இந்த முறை பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கூடத்தில் ஓராண்டுக்கு முன்பே ஒரு லீன் பயிற்சி நடந்திருக்கிறது. இராமநாதபுரத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி, மேஸ்திரியோடு போன இரண்டு பெண்களுக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் சுவரெங்கும் அட்டைகள் ஒட்டப்பட்டன, மேசைகள் வரிசை மாற்றிப் போடப்பட்டன. வேலை உண்மையிலேயே சற்று விரைவாயிற்று. அடுத்த மாதமே நான்கு பெண்களை இனி வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மேசையை எப்படிப் போட்டால் நடை குறையும் என்று யோசனை சொன்னவரும் அந்த நால்வரில் ஒருவர். அதன்பிறகு அங்கே எவரும் எந்த யோசனையும் சொல்லவில்லை.

நான் முதல் நாள் பாடம் எடுப்பதே இல்லை. இந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான, ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்துப் பொறியாளர் தாய்ச்சி ஓனோ தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளர்களை அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்தி வேலையைப் பார்க்க வைப்பார். அந்தப் பழக்கத்தை நானும் விடாமல் வைத்திருக்கிறேன். தலைவலையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு சதை எடுக்கும் மேசைகளுக்கு அருகில் இரண்டு மணி நேரம் நின்றேன். மூன்றாவது மேசையின் ஒரு காலுக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வலைநூலால் கட்டிய ஒரு செங்கல் இருந்தது. உணவுக் கூடத்துக்குள் செங்கல் இருக்கவே கூடாது. "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ள, மூத்தவர் ஒருவர் மட்டும் மேஸ்திரி நிற்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆடிட்டுக்கு ஆள் வர்ற அன்னைக்கு எடுத்து வெளிய வச்சிருவோம் சார்."

தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கிறது. மேசையின் நான்கு கால்களும் ஒரே உயரம் என்பதால் மேசையும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் நண்டு நீரும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் மடியில் வடிகின்றன, சதைத் தட்டு நழுவுகிறது, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சதை எடுக்க வேண்டியிருக்கிறது. செங்கல் வைத்தவர் பிரச்சினையைக் கண்டுபிடித்து, காரணத்தைப் புரிந்துகொண்டு, கையில் கிடைத்ததை வைத்துத் தீர்த்தும் விட்டார். தொடர் மேம்பாடு என்று நாங்கள் வகுப்பெடுப்பது இதைத்தான். திருகி உயரம் மாற்றும் மேசைக்கால்களை ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் செய்து தந்துவிடுவார்கள். இவ்வளவு எளிய காரியத்தை இத்தனை நாளாக ஏன் மேலே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்த மூத்தவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "சொன்னா வேலை வெரசா முடியும். முடிஞ்சா அடுத்து யாரை நிப்பாட்டுவாங்களோ."

உரிமையாளர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். லீன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மெலிந்தது என்ற பொருள் இருப்பதால் ஆளை மெலியச் செய்வது என்று புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெயரை 1988ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் வைத்தவர் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர். சரக்கைக் குவித்து வைத்துக்கொண்டு குறைகளைச் சமாளிக்கும் உற்பத்தி முறைக்கு எதிராகத்தான் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். மெலிய வேண்டியது தேங்கிக் கிடக்கும் சரக்கும் வீண் காத்திருப்பும் இரண்டாம் முறை செய்யும் வேலையும்தான்.

இந்த முறை பிறந்த டொயோட்டாவே ஆள்குறைப்பின் கசப்பைப் பார்த்த நிறுவனம். 1950இல் கடன் நெருக்கடியில் ஆள்களை வெளியேற்றியதால் பெரும் வேலைநிறுத்தம் வெடித்து, நிறுவனரான கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியை விட்டே விலக நேர்ந்தது. தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் ஏற்பாடு அங்கே 1951இல்தான் தொடங்கியது. 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாக வைத்து ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. பின்னர் 1984இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில், மூடிக் கிடந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை அந்த நிறுவனத்தோடு சேர்ந்து டொயோட்டா திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே ஆலையின் பழைய தொழிலாளர்கள்தான். சில ஆண்டுகளில் கார் விற்பனை சரிந்து வேலை குறைந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலைகளிலும் ஈடுபடுத்தினார்கள். முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளை அனுப்ப மாட்டோம் என்ற உறுதிமொழியை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது சுவரில் ஒட்டிய அட்டைதான்.

கணக்காகவே பார்ப்போம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீல நண்டில் அதிக விலை போகும் சதை, துடுப்புப் போன்ற நீந்துகாலின் அடியில் இருக்கும் தசைத்துண்டு. ஒரு நண்டுக்கு இரண்டுதான் உண்டு. அது உடையாமல் முழுசாக வந்தால் முதல் தரம், உடைந்தால் கீழ்த் தரத்தில் சேர்ந்து விலை விழும். அதை உடையாமல் எடுக்கும் பதம் விரல் நுனிக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது. ஏழு பேரை வைத்துப் பத்துப் பேர் வேலையை வாங்கும் அவசரத்தில் முதலில் உடைவது அந்தத் துண்டுதான். மிச்சப்பட்ட மூன்று கூலியையும் உடைந்த சதையின் விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி ஒவ்வோர் உரிமையாளரையும் கேட்கிறேன். அந்தப் பேரேட்டைத் திறக்க ஏனோ பலரும் தயங்குகிறார்கள்.

"டொயோட்டாவுக்கு இரும்பு நேரத்துக்கு வரும், எங்களுக்குக் கடல் அல்லவா கொடுக்க வேண்டும்" என்ற மறுப்பும் உண்டு. அது நியாயமான மறுப்பு. வாடைக் காற்றில் வடகடலான பாக் நீரிணை கொந்தளித்தால் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். வடகடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரு நாள் கூடை நிரம்பும், மறுநாள் வெறும் வலையோடு திரும்புவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. ஆனால் நண்டு உங்கள் வாசலைத் தாண்டிய பிறகு நடப்பது உங்கள் பொறுப்பு. நான் பார்த்த கூடத்தில் வந்த நண்டு முழுவதையும் ஒரே மூச்சில் அவித்துக் கொட்டுவார்கள். மேசையில் இடம் கிடைக்காமல் அவித்த நண்டு காத்துக் கிடக்கும். அதைக் குளிர்ச்சியில் வைத்திருக்க ஐஸ் வீணாகும். பிற்பகலில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேசைகள் எவ்வளவு வேகத்தில் எடுக்கின்றனவோ அந்த அளவுக்கே சிறு சிறு தொகுதிகளாக அவித்தோம். அடுப்படியில் நிற்பவருக்கு முதல் இரண்டு நாள் எரிச்சல்தான். மூன்றாம் நாள் அவரே கடிகாரத்தைப் பார்த்து அவிக்கத் தொடங்கிவிட்டார்.

பயிற்சிக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பார்க்கலாம். விசைப்படகு நிற்கும், நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், வேலை பாதியாகும். பல கூடங்களில் ஆள்களை அனுப்பிவிடும் அந்த நாள்களே மேசை, தரை, தராசு, ஐஸ் பெட்டி என ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சரிசெய்ய ஏற்ற நாள்கள்.

பயிற்சியாளரை அழைப்பதற்கு முன் சிலவற்றைத் தயவுசெய்து செய்துவிடுங்கள். மேம்பாட்டால் எவருடைய வேலையும் போகாது என்பதை எழுதி, கையெழுத்திட்டு, பெண்கள் முன்னிலையில் நீங்களே வாசியுங்கள். மேஸ்திரியை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். கிலோக் கணக்கில் கூலி கொடுப்பவர்கள், வேகம் கூடினாலும் கிலோவுக்கான கூலி குறையாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே பயம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹோட்டல் அரங்கு வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு மேசையில் தொடங்குங்கள். ஜப்பானியச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், "வேலைக்கு இடைஞ்சலா எது இருக்கு?" என்ற ஒரு கேள்வி போதும். சொன்ன குறையை அதே வாரத்தில் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள். செலவு ஒரு சாக்கு ஆகாது: மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள சிறு தொழில்களுக்கு ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. மானியம் வருகிறது என்பதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள். வாரம் ஒரு மணி நேரமாவது மேசையருகே நிற்க உங்களுக்கு மனமில்லையென்றால் எங்களைக் கூப்பிட்டுப் பயனில்லை.

அந்த உரிமையாளரோடு மூன்று முறை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. கடைசியில் எழுதிக் கொடுத்தார், அவரே வாசித்தார். மறுவாரம் மேசைக்கால்கள் மாற்றப்பட்டன, செங்கல் வெளியே போயிற்று. நிறுத்தப்பட்ட நால்வரையும் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார், மூவர் வந்தார்கள். நான்காமவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். எத்தனை கூடை நண்டுக்கு எவ்வளவு ஐஸ் உடைத்தால் மாலைவரை தாங்கும் என்ற கணக்கு அவருக்குத்தான் அத்துப்படி என்றும், அதை அவரிடம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்றும் மற்ற பெண்கள் சொல்கிறார்கள்.