கழுத்தில் அறுவை, கையில் பொம்மை

திடீரென்று வலது கை தொய்ந்து, வாய் குழறி, பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். வெயில், பித்தம் என்று பலர் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது மினி ஸ்ட்ரோக், அதாவது சற்று நேரத்தில் விலகிவிடும் சிறு பக்கவாதம். கழுத்திலுள்ள கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு படிந்திருந்தால், அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்ச் சற்று நேரம் அடைத்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரிய பக்கவாதம் வருமுன் அந்தப் படிவை வழித்தெடுப்பதுதான் அறுவை.

வழித்தெடுக்கத் தமனியைக் கிளாம்ப் என்ற கவ்வி போட்டு அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும்? மூளையின் அடியில் தமனிகள் சேர்ந்து வில்லிஸ் வளையமாக நிற்கின்றன. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்து ரத்தம் அதன் வழியே வரும். சிக்கல் என்னவென்றால், பலருக்கு இந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை. 1954இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இதே தமனியில் அறுவை செய்தபோது, ஆக்சிஜன் தேவையைக் குறைக்க நோயாளியின் உடலையே குளிர்வித்தார்கள்.

மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்பதை, நோயாளி விழித்திருந்தால் அவரிடமே கேட்டுவிடலாம். கழுத்துப் பக்கவாட்டில் லிக்னோகெய்ன் போன்ற, மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியாகப் போடுவார்கள். அது நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மேலே போகாது; மூளை தெளிவாக இருக்கும். இடப்பக்கத் தமனியில் அறுவை என்றால் வலக்கையில் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுப்பதுண்டு. கிளாம்ப் போட்டதும் பொம்மையை அமுக்கச் சொல்வார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். கீச்சொலி நின்றாலோ, பேச்சு குழறினாலோ, ஷன்ட் என்ற சின்னக் குழாயைத் தமனிக்குள் செருகி ரத்தத்தை ஓடவிடுவார்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் பேச்சு திரும்பிவிடும். எந்தக் கருவியும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

அப்படியானால் முழு மயக்கத்தைவிட மரத்துப்போகும் ஊசிதானே சிறந்தது? இரண்டையும் ஒப்பிட 3,526 பேரை வைத்து நடந்த காலா (GALA) ஆய்வின் முடிவு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மாரடைப்போ மரணமோ நேர்ந்தவர்கள்: முழு மயக்கத்தில் 4.8%, விழித்திருந்தவர்களில் 4.5%. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஷன்ட் செருகப்பட்டவர்கள் மட்டும் முழு மயக்கத்தில் 43%, விழித்திருந்தவர்களில் 14%.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இந்த அறுவையில் வரும் பக்கவாதங்களில் பல, ரத்தம் குறைந்ததால் வருபவை அல்ல; உடைந்த துணுக்கோ புதிதாக உறைந்த ரத்தமோ போய் அடைப்பதால் வருபவை. அதைப் பொம்மை தடுக்காது. அதனால் நேராகப் படுக்க முடியாதவர், ஓயாமல் இருமுகிறவர், பயத்தில் அசைகிறவர் ஆகியோருக்கு முழு மயக்கம் கொடுப்பதில் தவறில்லை.